எழுவாய் பிழைத்த வினா

லண்டன் ஸ்ட்ராண்ட் சாலையில் இருக்கும் அரச நீதிமன்றக் கட்டடத்தில் 2008 பிப்ரவரி 7 அன்று மாலை கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். இங்கிலாந்தின் குடிமைச் சட்டமும் சமயச் சட்டமும் ஒன்றையொன்று எப்படி எதிர்கொள்ளலாம் என்பது பொருள். ஷரீஅத் என்பது அச்சடித்து வைத்த தண்டனைப் பட்டியல் அன்று, நூற்றாண்டுகளாகச் சட்ட அறிஞர்கள் வாதித்து வளர்த்த ஒரு முறை என்று அவர் விளக்க முயன்றார். ஒரு குடிமகன் தன் சமயத்துக்கும் தன் நாட்டுச் சட்டத்துக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டு வாழ்வது எப்படி என்பதை அரசியல் தத்துவ அறிஞர்களின் துணையோடு ஆராய்ந்தார். ஆனால் உரை தொடங்குவதற்கு முன்பே லண்டன் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்று நண்பகல் பிபிசி வானொலிக்கு அளித்த பேட்டியில், ஷரீஅத்தின் சில கூறுகளுக்கு இடமளிப்பது தவிர்க்க முடியாததாகத் தோன்றுகிறது என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பிரதமர் அலுவலகம் மறுப்பு வெளியிட்டது. பரபரப்பு நாளேடுகள் அவருக்கு எதிராக இயக்கமே நடத்தின. பதவி விலகச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. பிப்ரவரி 11 அன்று திருச்சபைப் பேரவையின் முன் நின்று, தன் சொற்களில் தெளிவின்மை இருந்திருந்தால் அதற்குத் தானே பொறுப்பு என்று பேராயர் ஏற்றுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, மக்கள் அறியாமை. இன்னொன்று, ஊடகங்களின் அவசரம். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் போதாது. அறியாமைதான் காரணம் என்றால் மேலும் மேலும் தகவல் கொடுத்தால் தீர்ந்துவிட வேண்டும். ஆனால் இஸ்லாத்தைப் பற்றி இன்றைய லண்டனில் கிடைக்கும் நூல்களும் படங்களும் உரைகளும் முன் எப்போதும் இருந்திராத அளவு. குறை தகவலில் அல்ல, வினாவில் இருக்கிறது. நம் நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று கலங்கிக் கேட்பது ஐயவினா. விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு எதிராளியைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. ‘இஸ்லாம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்று அறிஞரிடம் கேட்கப்படும்போது அது அறியாவினா போலவே ஒலிக்கிறது. அவரும் அப்படியே எடுத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார். கேட்டவரோ பெரும்பாலும் ஐயத்தில் கேட்டவர்: ‘என் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு நான் பயப்பட வேண்டுமா?’ அல்லது சோதிக்கக் கேட்டவர்: ‘நீ எந்தப் பக்கம்?’ இதற்கும் மேலாக, அந்த வினாவின் எழுவாயே பிழை. இஸ்லாம் பேசுவதில்லை, இன்ன காலத்தில், இன்ன ஊரில், இன்ன நூலை வைத்துக்கொண்டு மனிதர்கள் பேசுகிறார்கள். எழுவாயைத் திருத்தாமல் விடை சொல்லப் புகுந்த அறிஞர், எவ்வளவு கற்றவராயினும், சறுக்குகிறார் என்பதே என் வாதம். லண்டனின் அனுபவம் அதற்குச் சான்று.

லண்டனுக்கு இஸ்லாம் புதிதல்ல. குர்ஆனின் முதல் ஆங்கிலப் பதிப்பு 1649இல் இங்கே வெளிவந்தது. ஆனால் அது அரபியிலிருந்து வந்ததன்று, பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. லண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் சேல் அரபி மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் தருவதற்கு 1734 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்துக்கும் இதே கதை நேர்ந்தது. இந்தியாவில் கம்பெனி நீதிமன்றங்கள் முஸ்லிம்களுக்கு அவர்கள் சட்டப்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்பதற்காக ஹனஃபி சட்ட நூலான ஹிதாயா 1791இல் ஆங்கிலத்தில் லண்டனில் அச்சாயிற்று. சார்ல்ஸ் ஹாமில்டன் அதைப் பெயர்த்தது அரபி மூலத்திலிருந்து அல்ல, ஒரு பாரசீகப் பெயர்ப்பிலிருந்து. இரண்டு மொழி தாண்டி வந்த இந்த வாசகங்களை நம்பிப் பின்னர் லண்டனில் இருந்த உச்ச முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் நீதிபதிகள் கடல் கடந்து வந்த வழக்குகளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். 1894இல் வக்ஃபு பற்றிய அபுல் ஃபதா வழக்கில், சொந்தக் குடும்பத்தின் நலனுக்கென ஏற்படுத்தப்படும் வக்ஃபு, அறத்துக்குச் சேரும் பங்கு பெயரளவிலானதாக இருந்தால் செல்லாது என்று லண்டன் முடிவு செய்தது. குடும்பத்தைப் பேணுவதும் அறமே என்று முஸ்லிம் சட்ட அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததை அது ஒதுக்கித் தள்ளியது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சையது அமீர் அலி இந்தப் போக்கை எதிர்த்தவர். தீர்ப்பின் விளைவை மாற்ற இந்தியச் சட்டமன்றத்தில் 1913இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ‘ஷரீஅத் லண்டனுக்குள் நுழைகிறது’ என்று 2008இல் அலறியவர்களுக்கு, ஷரீஅத்தின்படி தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை லண்டனே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கையில் வைத்திருந்தது நினைவில் இல்லை. அந்த அறிவு ஆள்வதற்காகச் சேர்த்தது. லண்டன் தெருவில் நடப்பவருக்கு அதில் பங்கு கொடுக்கப்படவில்லை.

பொதுமக்களை இஸ்லாமியச் சட்டத்தின் சொற்கள் வேறு வழியில் வந்தடைந்தன. ஃபத்வா என்றால் மார்க்கத் தீர்ப்பு. நோன்பு நேரத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு ஓர் ஆலிம் சொல்லும் விடையும் ஃபத்வாதான். 1989 பிப்ரவரி 14 அன்று சல்மான் ருஷ்தியைக் கொல்லும்படி ஈரானிலிருந்து வந்த அறிவிப்போடு அந்தச் சொல் ஆங்கிலத் தெருவுக்குள் நுழைந்தது. அதன்பின் ஆங்கிலத்தில் அதற்குக் கொலை ஆணை என்பதே பொருளாயிற்று. ஜிஹாதும் ஷரீஅத்தும் அப்படியே செய்தித்தாளின் முதல் பக்கம் வழியாக மொழிக்குள் வந்தவை. தமிழில் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது என்று கருதப்படும் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. மதீனாவின் யூதத் தலைவர் ஒருவர் நபிகளிடம் வினா மேல் வினாவாகக் கேட்க, அவர் விடை சொல்லும் அமைப்பு அது. வண்ணப் பரிமளப் புலவர் இஸ்லாத்தைத் தமிழருக்கு விளக்கக் கையாண்டதும் வினாவிடை வடிவம்தான்! ஆனால் அந்த நூலில் கேட்பவருக்கு முழு விடையையும் கேட்கும் பொறுமை இருந்தது. மேலும் தொழுகை, நோன்பு, மறை, பள்ளிவாசல் என்று இங்கே வழங்கிய சொற்கள் ஏற்கெனவே மண்ணில் வேரோடியவை. சமணரும் சைவரும் வைணவரும் நோன்பிருந்த மொழியில் ரமலான் நோன்புக்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. லண்டன் அறிஞருக்கு இந்த வசதி இல்லை. அவர் வாய் திறக்குமுன் அவருடைய ஒவ்வொரு கலைச்சொல்லின்மேலும் ஒரு குண்டுவெடிப்பின் நிழல் விழுந்து கிடக்கிறது. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் 52 பேர் கொல்லப்பட்ட பிறகு அந்த நிழல் இன்னும் அடர்ந்தது. அன்பானவர்களை இழந்த நகரத்தில் ‘ஜிஹாதுக்கு முயற்சி என்பது பொருள்’ என்று சொற்பிறப்பு சொல்லித் தொடங்குபவரை யார் பொறுத்துக்கொள்வார்? அது பொய்யான விளக்கமல்ல. கேட்கப்பட்டது அதுவல்ல என்பதுதான் சிக்கல்.

அறிஞரின் சொல் எப்படி இரு பக்கமும் இழுக்கப்படுகிறது என்பதற்கு 2015 ஜூலையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் அறிவித்த தோல் ஏடுகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அல்பா ஃபெடெலி என்ற ஆய்வாளர், வேறொரு சுவடியுடன் தவறாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த குர்ஆன் ஏடுகள் இரண்டை இனங்கண்டிருந்தார். ரேடியோ கார்பன் சோதனையில் அந்தத் தோல் பொது ஆண்டு 568க்கும் 645க்கும் இடைப்பட்டது, அதற்கான நிகழ்தகவு 95.4 விழுக்காடு என்று தெரிந்தது. நபிகள் வாழ்ந்ததாக மரபு சொல்லும் காலம் சுமார் 570 முதல் 632 வரை. உடனே ஒரு சாரார், குர்ஆன் ஓர் எழுத்தும் மாறாமல் காக்கப்பட்டது அறிவியலால் நிறுவப்பட்டுவிட்டது என்றார்கள். இன்னொரு சாரார், குர்ஆன் நபிகளுக்கு முன்பே இருந்தது என்று தலைப்புப் போட்டார்கள். ஏடுகளிலிருந்து இரண்டுமே பெறப்படுவதில்லை. அந்தச் சோதனை விலங்கு செத்த காலத்தைச் சொல்லும். மை பட்ட காலத்தைச் சொல்லாது. மேலும் இரண்டு ஏடுகளில் உள்ள சில வசனங்களை வைத்து முழு நூலின் வரலாற்றை எழுத முடியாது. ஆனாலும் ஒரு திடமான பயன் விளைந்தது. 1977இல் லண்டன் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக் கழகத்தின் ஜான் வான்ஸ்பரோ, குர்ஆன் இறுதி வடிவம் பெறச் சுமார் இரு நூற்றாண்டுகள் ஆயிருக்கும் என்ற கருதுகோளை முன்வைத்தார். அதே ஆண்டு லண்டனில் பணியாற்றிய பட்ரீசியா க்ரோனும் மைக்கேல் குக்கும் முஸ்லிமல்லாதார் எழுதிய சான்றுகளை மட்டும் கொண்டு தொடக்க கால இஸ்லாத்தின் வரலாற்றை மாற்றி எழுதிப் பார்த்தார்கள். இத்தகைய பழஞ்சுவடிகள் வெளிவர வெளிவர, அவ்வளவு தாமதமான காலக் கணிப்பு நிற்பது கடினமாகிவிட்டது. அறிவுத்துறை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் அழகு இது. பொதுமக்களுக்கோ இது அழகாகத் தெரிவதில்லை. வகுப்பறையில் கருதுகோள் என்பது உடைத்துப் பார்ப்பதற்காக வைப்பது. தொலைக்காட்சியில் அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. 2012 ஆகஸ்டில் வரலாற்றெழுத்தாளர் டாம் ஹாலண்ட் இந்தக் கேள்விகளை வைத்துச் சானல் ஃபோரில் அளித்த ஆவணப்படத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அந்நிறுவனத்தின் லண்டன் தலைமையகத்தில் ஏற்பாடாகியிருந்த ஒரு திரையிடல் பாதுகாப்புக் கருதிக் கைவிடப்பட்டது. அந்தத் திரையிடலைக் கைவிட நேர்ந்ததை நான் தோல்வியாகவே எண்ணுகிறேன். மாறுபட்ட வரலாற்று ஆய்வை அச்சமின்றிக் கேட்க முடியாத இடத்தில், இஸ்லாத்தைப் பரிவோடு விளக்குபவரின் சொல்லுக்கும் மதிப்புக் குறைந்துபோகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘யார், எப்போது, எங்கே என்று கேள்வியைப் பிரித்துக்கொண்டே போவது தப்பித்துக்கொள்ளும் தந்திரம் அல்லவா? நூலில் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதானே?’ இந்த மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குற்றம் நடந்ததும் உண்டு. சங்கடமான கேள்வி வரும்போது ‘அது இஸ்லாமே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்ட விளக்கங்கள் ஏராளம். மார்க்கத்தைவிட்டு வெளியேறுபவருக்கு என்ன தண்டனை என்று கேட்டால், சுன்னி சட்டப் பள்ளிகள் நான்கின் பழைய நூல்களும் ஆணுக்கு மரண தண்டனை விதித்தன என்று முதலில் நேராகச் சொல்ல வேண்டும். பெண் விஷயத்தில் ஹனஃபிகள் கொலை கூடாது, சிறைதான் என்று வேறுபட்டார்கள் என்பதையும், அந்தத் தண்டனை அக்காலத்து அரசத் துரோகக் குற்றத்தோடு பின்னிப் பிணைந்தது, நம்பிக்கைக்குத் தண்டனையே கிடையாது என்று இன்றைய ஆலிம்கள் பலர் வாதிடுவதையும், அதை ஏற்காத ஆலிம்களும் ஆட்சிகளும் இன்றும் இருப்பதையும் அதன் பிறகு சொல்ல வேண்டும். இதில் எதையும் மறைக்கக் கூடாது, வரிசையையும் மாற்றக் கூடாது. அப்படிச் சொல்பவர் தப்பித்து ஓடவில்லை. கேள்வியைப் பிரித்ததனால்தான் அவரால் கசப்பான பகுதியையும் முழுமையாகச் சொல்ல முடிகிறது. ‘இஸ்லாம்’ என்ற ஒற்றை எழுவாயை வைத்துக்கொண்டவர் ஒன்று அதை முழுக்கக் காப்பாற்றவேண்டும், இல்லையேல் முழுக்கக் கைவிடவேண்டும். மூன்றாவது வழி இல்லை.

விளக்குபவர் யார் என்பதும் ஒரு சிக்கல். முஸ்லிம் பேராசிரியர் பேசினால் தன் மதத்துக்கு வக்காலத்து வாங்குகிறார் என்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர் பேசினால், தொழாதவருக்கு என்ன தெரியும் என்று பள்ளிவாசலில் கேட்கிறார்கள். எட்வர்ட் சயீத் 1978இல் எழுதிய நூலுக்குப் பிறகு, கீழை நாடுகளைப் பற்றிப் பேசும் மேலை அறிஞரின் அறிவிலேயே ஆதிக்கம் கலந்திருக்கிறது என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது. பணமும் இதில் உண்டு. லண்டன் கீழைத்தேய, ஆப்பிரிக்கக் கல்விக் கழகத்தில் இஸ்லாமிய ஆய்வுக்கான ஓர் இருக்கை சவூதி அரசர் ஃபஹதின் பெயரைத் தாங்கியது. இன்னொரு பக்கம் 2007 ஜூனில் பிரிட்டிஷ் அரசு இஸ்லாமியக் கல்வியை நாட்டுக்கு முக்கியமான துறையாக அறிவித்து நிதி ஒதுக்கியது, குண்டுவெடிப்புகள் நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்து! 2015இல் வந்த சட்டம், மாணவர்கள் பயங்கரவாதத்துக்கு ஈர்க்கப்படாமல் தடுக்கும் கடமையைப் பல்கலைக்கழகங்கள்மேல் சுமத்தியது. இடைக்கால இஸ்லாமிய அறிஞர் அல்-கஸாலியைப் பாடம் நடத்தும் ஆசிரியரே மாணவரைக் கண்காணிப்பவராகவும் ஆக்கப்பட்டார். இருக்கைக்குப் பணம் கொடுத்தவருக்கோ காவல் துறைக்கோ கடன்பட்டவர் என்ற சந்தேகத்துடன் ஒருவர் பேசத் தொடங்கினால், அவர் சொல்லும் உண்மையும் பாதி விலைக்குத்தான் போகும். இதற்கு அறிஞர்களிடம் முழு மருந்து இல்லை. தம் பணம் எங்கிருந்து வருகிறது, தாம் எந்த நிலையிலிருந்து பேசுகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது ஒன்றே அவர்களால் முடிந்தது.

அருங்காட்சியகங்கள் வேறு வழியில் முயன்றிருக்கின்றன. 1976இல் லண்டன் முழுக்க நடந்த இஸ்லாமிய உலக விழா, பீங்கானையும் கம்பளத்தையும் எழுத்தோவியத்தையும் கொண்டுவந்து நிறைத்தது; பிரிக் லேனில் வாழ்ந்த முஸ்லிம் தொழிலாளி அந்த இஸ்லாத்துக்குள் எங்குமே தென்படவில்லை. 2012இல் பிரிட்டிஷ் மியூசியம் ஹஜ் பற்றி நடத்திய கண்காட்சி அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ரியாதின் நூலகம் ஒன்றோடு சேர்ந்து நடத்தியதால் மக்காவில் பழைய கட்டடங்கள் இடிக்கப்படுவதைப் பற்றி மௌனம் காத்தது என்ற விமர்சனம் நியாயமானது. ஆயினும், ஹஜ் போய் வந்த பிரிட்டிஷ் முஸ்லிம்களின் குரல்களையே அதில் கேட்க முடிந்தது. இஸ்லாம் என்ற எழுவாயின் இடத்தில் ஹாஜிகள் வந்து நின்றார்கள்.

மீண்டும் ஷரீஅத்துக்கு வருகிறேன், வாதத்தின் உரைகல் அதுதான். 2021 கணக்கெடுப்பின்படி லண்டன் மக்களில் 15 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். டவர் ஹாம்லெட்ஸில் இது 39.9 விழுக்காடு. ஒரே பள்ளிவாசல் வரிசையில் ஹனஃபி மரபில் வந்த சில்ஹெட்காரர் ஆமீனை மனத்துக்குள் சொல்வார். அருகில் நிற்கும் ஷாஃபி மரபினரான காயல்பட்டினத்துக்காரரோ சோமாலியாக்காரரோ அதை உரக்கச் சொல்வார். இவர்கள் வாழ்வில் ஷரீஅத் நிஜமாகக் குறுக்கிடும் இடம் எது? கைவெட்டும் தண்டனை அல்ல. 2016இல் அமைக்கப்பட்டு, பேராசிரியர் மோனா சித்திக்கி தலைமையில் ஷரீஅத் மன்றங்களை ஆராய்ந்த குழு 2018 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. 1982இல் லெய்ட்டனில் தொடங்கிய மன்றம் உட்பட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 30 முதல் 85 வரை மன்றங்கள் இருக்கலாம் என்றும், அங்கே போகிறவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மணவிலக்கு வேண்டிப் போகும் பெண்கள் என்றும் அது கண்டது. கணவன் தலாக் சொல்ல மறுக்கிறான். நிகாஹ் பதிவாகாததால் ஆங்கில நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கவும் வழியில்லை. தன் சமூகத்தின் கண்ணில் விடுதலை பெற ஆலிம்களிடம் குலா என்னும் மணவிலக்குக் கேட்டுப் போய் நிற்கிறாள். சில மன்றங்கள் அவளைக் கேவலமாக நடத்தியதையும் அறிக்கை மறைக்கவில்லை. நிகாஹுக்கு முன்போ அதோடு சேர்த்தோ குடிமைப் பதிவைக் கட்டாயமாக்கச் சொன்னது அதன் முக்கியப் பரிந்துரை.

தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். இந்தியாவில் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷரீஅத்தே முஸ்லிம்களின் தனிச் சட்டம். ஜமாஅத்தின் பதிவேட்டில் ஏறிய நிகாஹ் சட்டப்படி செல்லும் திருமணம். இலங்கையில் 1951 சட்டத்தின்கீழ் காதி நீதிமன்றங்களை அரசே நடத்துகிறது. அந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரி அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் அமைந்த குழு தன் அறிக்கையை அளித்ததும் 2018இல்தான். காயல்பட்டினத்தில் முறைப்படி நடந்த நிகாஹை லண்டன் நீதிமன்றம் ஏற்கும். ஆனால் அதே மஹர், அதே சாட்சிகளுடன் லண்டன் மண்டபம் ஒன்றில் நடந்து, பதிவில்லாமல் விடப்பட்ட நிகாஹ் அங்கே வெறும் சடங்கு. ‘இஸ்லாத்தில் திருமணம் எப்படி?’ என்று கேட்டால் இந்த வேறுபாடு ஒருபோதும் வெளிவராது. ‘இந்தப் பெண்ணின் நிகாஹ் எந்த ஊரில் நடந்தது?’ என்று கேட்டால் உடனே வந்துவிடும்.

2008 ஜூலை 3 அன்று தலைமை நீதிபதி ஃபிலிப்ஸ் பிரபு வைட்சேப்பலில் உள்ள கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் பேசியபோது, பேராயர் சொன்னதை ஏறக்குறைய ஆதரித்தே பேசினார். ஆனால் அவர் ஷரீஅத்தின் தத்துவத்திலிருந்து தொடங்கவில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற கொள்கை இங்கிலாந்தில் எவ்வளவு மெதுவாக வந்தது என்பதிலிருந்து தொடங்கினார். இரு தரப்பும் விரும்பி ஒப்புக்கொண்ட சமரசத்துக்கு ஷரீஅத் அடிப்படையாக இருக்கலாம், தண்டனை விதிக்கும் அதிகாரம் நாட்டுச் சட்டத்துக்கு மட்டுமே என்று எல்லையை வெளிப்படையாக வரைந்தார். செய்தித்தாள்கள் அவரையும் விடவில்லை. ஆயினும் பிப்ரவரியின் புயல் மறுபடி எழவில்லை. யூதர்களுக்காக இப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே சட்டத்திலேயே இருந்தது: யூத மனைவிக்குச் சமய முறைப்படி மணவிலக்குத் தராமல் கணவன் இழுத்தடித்தால் குடிமை மணவிலக்கை நிறுத்திவைக்க 2002இல் நாடாளுமன்றம் வழி செய்திருந்தது. பேராயர் இப்படி மணவிலக்குக்காகக் காத்து நிற்கும் பெண்களிலிருந்து தொடங்கியிருந்தால், அவர் சொன்னதன் சாரத்தைக் கேட்கக் காதுகள் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

2020 பிப்ரவரியில் ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. 1998இல் லண்டனில் நிகாஹ் செய்துகொண்டு, குடிமைப் பதிவு வேண்டும் என்று மனைவி கேட்டும் கணவர் அதைச் செய்யாமலே விட, நான்கு பிள்ளைகளோடு பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து பிரிந்தவர்களின் வழக்கு அது. நிகாஹ் இஸ்லாத்தில் திருமணமா என்று நீதிபதிகள் விசாரிக்கவில்லை. அது திருமணம்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. 1949ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்துக்குள் அந்தச் சடங்கு வருகிறதா என்பதையே பார்த்தார்கள். வரவில்லை என்றார்கள், எனவே அது ‘செல்லாத திருமணம்’ என்ற நீதிமன்ற அறிவிப்பைப் பெற்று, அதன்வழி சொத்தில் பங்கு கேட்கும் வழியும் அத்தகைய மனைவிக்கு அடைபட்டது. ஷரீஅத் இங்கிலாந்தில் நிஜமாக எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் பாடம் வேறில்லை. அந்தத் தீர்ப்பு வெளிவந்ததும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ரோவன் வில்லியம்ஸ் நின்று பேசிய அதே ஸ்ட்ராண்ட் சாலைக் கட்டடத்தில்தான்.